கணிப்பில் இல்லாத வலி

என் தங்கை கனிஷ்காவுக்கு அறுபத்தோரு வயது வரை எந்த நோயும் வராது என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்திருந்தது. அந்தத் தாளில் முத்திரை வைத்தவள் நான்தான். அவளுக்கு நாற்பது வயது நடக்கும்போது வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் முழுநலக் காப்பு அலுவலகத்தில் என் கவுண்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். சேந்தமங்கலம் சாலையில் இருக்கும் அவளுடைய ஆட்டுப்பட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள். சேலை ஓரத்தில் புழுக்கை ஒட்டியிருந்தது. ஒரு கையால் விலாவை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அக்கா, இங்க நோவுது. மூணு மாசமாச்சு. மொதல்ல சோறு தின்னா மட்டும் நோவும். இப்ப சும்மா உக்காந்தாலும் நோவுது."

அவள் மணிக்கட்டில் ஒட்டியிருந்த வில்லையைக் கருவிக்கு முன்னால் காட்டச் சொன்னேன். திரை பச்சையாக ஒளிர்ந்தது.

"உனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. பச்சை காட்டுது பாரு."

"பச்சை காட்டுனா நோவு போயிருமா?"

"கணிப்புல எதுவுமே இல்லடி."

"செரி, கணிப்புல இல்ல. ஆனா நோவுதே. அத எங்கியாச்சும் எழுதிக்க."

எழுதிக்கொள்ளலாம் என்று திரையில் இடம் தேடினேன். பிறந்த தேதிக்கு இடம் இருந்தது. கணித்த தேதிக்கும் அறுத்த தேதிக்கும் இடம் இருந்தது. மருத்துவமனையில் இட்லி வேண்டுமா பொங்கல் வேண்டுமா என்று குறிக்கக்கூட இடம் இருந்தது. வலிக்கு இடம் இல்லை. பன்னிரண்டு வருடமாக அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளும் அதைக் கவனித்ததில்லை.

இதற்கு முன்னால் காலம் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் அதற்காக ஏங்குகிறவள் என்று நினைப்பீர்கள். எங்கள் அப்பா நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டர். நெஞ்சு வலி என்று ஏழு மாடித் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். முன்பணம் கட்டினால்தான் சக்கர நாற்காலி உள்ளே போகும் என்றார்கள். அம்மா தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது அப்பா வாசலிலேயே முடிந்திருந்தார். அப்போதும் அவர்கள் விடவில்லை. வாசலில் வைத்து நெஞ்சில் ஒயர் மாட்டிப் பார்த்ததற்குத் தனியாக ரசீது நீட்டினார்கள். எனக்குப் பதினாறு வயது, கனிக்குப் பன்னிரண்டு.

அதனால் முழுநலக் காப்பு வந்தபோது நான் தெருவில் இறங்கி லட்டு கொடுத்தவள். எல்லாருக்கும் காப்பீடு, யாரும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. மில் முதலாளியும் லாரி கிளீனரும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். அந்த ஏழு மாடி மருத்துவமனை கல்யாண மண்டபம் ஆனது. அங்கே இப்போதும் முன்பணம் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பிறகுதான் மேலே இருந்தவர்களுக்கு அந்த யோசனை வந்தது. நோய் வந்த பிறகு பார்ப்பதைவிட வருவதற்கு முன்பே பார்ப்பது எளிது. ஆகவே எல்லார் மணிக்கட்டிலும் ஒரு வில்லை. ஊரில் அதை 'காப்புக் கட்டுறது' என்றார்கள். அது ரத்தத்தை, மூச்சை, தூக்கத்தை, மூன்று தலைமுறை மருத்துவக் குறிப்பை எல்லாம் சேர்த்துப் படிக்கும். இந்த ஆளுக்கு இந்த மாதம் இந்த உறுப்பு கெடும் என்று சீட்டு வரும். சீட்டில் கணிப்பு எண் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் போய்ப் படுத்தால் எடுத்துவிடுவார்கள். துல்லியம் தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு சதவீதம். பேருந்தின் முதுகில், பால் உறையில், ரேஷன் பையில், எங்கே பார்த்தாலும் அந்த எண்தான். இவ்வளவு துல்லியமான இயந்திரம் இருக்கும்போது வந்த நோயைப் பார்க்கத் தனி மருத்துவர் எதற்கு என்று அடுத்த யோசனை வந்தது. விபத்து, பிரசவம், கணிப்பு. இந்த மூன்றும்தான் மருத்துவம் என்று ஆனது. நானாவது நீங்களாவது அதை எதிர்த்து வாய் திறந்தோமா? நமக்கு நோயே வராது என்று சொன்னார்கள். யார் சண்டை போடுவார்கள்?

மறுநாள் எங்கள் மண்டல மேலாளர் வித்யாசாகரின் அறைக்குப் போனேன். அவர் மேசை மேல் கேடயங்கள் வரிசையாக நின்றன. பேனா வைக்க இடமில்லை.

"சார், என் தங்கச்சிக்கு வயித்துல வலி. ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்தா நல்லாருக்கும்."

"எந்தக் கணிப்பு எண்ணுல?"

"கணிப்பு இல்ல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், நீங்களே பழைய ஆளு. கணிப்பு இல்லாம ஸ்கேன் எடுக்கறோம். உள்ள ஏதோ இருக்குன்னு வைங்க. என்ன ஆகும்?"

"வைத்தியம் பாக்கலாம் சார்."

"நம்ம மண்டலத்தோட துல்லியம் கொறையும்." சாவுச் செய்தி சொல்வது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன வருஷம் நாமதான் மாநிலத்துல மொதல் எடம். கணிப்புல இல்லாத நோய் நோயே இல்ல மேடம். அது மனசு."

"அவளுக்கு மனசு விலாவுக்குக் கீழயா சார் இருக்கு?"

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகவே சொன்னார். "கோடிக்கணக்கான பேருக்கு ஒரே சட்டியில ஆக்குற சோறு இது. ஆளாளுக்கு வலிக்குதுன்னு வந்து கைய விட்டா, நெசமாவே சீட்டு வந்தவனுக்கு என்ன மிஞ்சும்? உங்க தங்கச்சின்னு வந்து நிக்கறீங்க. நாளைக்கு ஊருல எல்லாரும் யாரோ ஒருத்தரோட தங்கச்சிதான்."

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. எனக்கு எரிச்சலூட்டியதும் அந்த நியாயம்தான். முழுக்க அயோக்கியத்தனமாக இருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

மேல்முறையீடு எழுதிப் போட்டேன். பத்தொன்பதாவது நாள் கனியின் கைப்பேசிக்குப் பதில் வந்தது. 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் நலமாக உள்ளீர்கள். வாழ்த்துகள்.' கூடவே, வாய்விட்டுச் சிரிப்பதால் வயிறு லேசாவது பற்றி நாற்பது நிமிடப் படம். கட்டாயம் பார்த்து முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஓடும். அவள் பட்டி வேலியில் சாய்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, யாரோ நான்கு பேர் மைதானத்தில் சிரிப்பதை நாற்பது நிமிடம் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். சினை ஆடுகளைப் பார்க்க கால்நடை மருத்துவர் எஸ்தர் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் சின்ன ஸ்கேன் பெட்டி. கனியின் கணவன் லோகேஸ்வரன் ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் கொடுக்க, அவர் அடிவயிற்றில் கருவியை வைத்து "ரெட்டை", "ஒண்ணு", "இது சும்மா தின்னு கொழுத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு ஆட்டைப் பிடிக்கக் குனிந்த கனியால் நிமிர முடியவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எஸ்தர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். "எங்க வலிக்குது? மூச்சு இழுங்க. இங்க அமுக்கட்டுமா?"

கனியின் வயிற்றில் ஒரு கை பட்டது அதுதான் முதல் தடவை. அத்தனை நாளில் நான்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

"நான் மனுஷங்களப் பாக்கக் கூடாது. சட்டம் அப்படி" என்றார் எஸ்தர். "ஆனா இந்தப் பொட்டிக்கு அது தெரியாது. படுங்க."

ஆடு படுத்திருந்த சாக்கிலேயே கனி படுத்தாள். சின்னத் திரையில் ஈரல் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதன் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஒரு வட்டம். வட்டத்துக்குள் குட்டி வட்டங்கள்.

"இத நான் வாரத்துக்கு ஒண்ணாவது பாக்கறேன்" என்றார் எஸ்தர். "ஆட்டு ஈரல்ல. நாய்ப்புழுவோட நீர்க்கட்டி. செத்த ஆட்டோட ஈரல நாய்க்குத் தூக்கிப் போடறோம். நாய் வயித்துல புழு வளருது. அதோட முட்டை கழிவுல வெளிய வந்து கையில, கீரையில ஒட்டி நம்ம உள்ள போகுது. ஈரல்ல போயி உக்காந்து வருஷக்கணக்கா வளரும்."

"அப்பறம் ஏன் வில்லை சொல்லல?" என்று கேட்டேன்.

"வில்லை உங்க ரத்தத்தையும் உங்க பரம்பரையையும் படிக்குது. இது உங்க பரம்பரையில்லீங்களே, புழுவோட பரம்பரை. புழுவுக்கு யாரு காப்புக் கட்டுனாங்க?"

கனிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலித்தது. "இது ஒடஞ்சா என்னாகுங்க?"

எஸ்தர் அவளை நேராகப் பார்த்தார். "ஒடம்பு தாங்காது. கொஞ்ச நேரத்துல முடிஞ்சுரும். ஆடு முட்டுனாகூடப் போதும். பூச்சி மருந்து நான் தர்றேன், ஆட்டுக்கும் மனுஷனுக்கும் அது ஒண்ணுதான். ஆனா இந்த அளவுக்கு மருந்து மட்டும் பத்தாது. எடுத்தே ஆகணும்."

லோகேஸ்வரன் கையில் பிடித்திருந்த கிடாயை மெதுவாக அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கட்டினான்.

எஸ்தர் அச்சடித்துக் கொடுத்த படத்தைக் காப்பு மருத்துவமனை அறுவை மருத்துவர் இம்தியாஸிடம் காட்டினேன். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார். படத்தின் மேலே 'ஆட்டின் காது எண்' என்று இருந்த இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தார். கீழே பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. சீக்கிரம் எடுக்கணும்."

"எடுங்க சார்."

"எதால? கணிப்பு எண் போடாம கருவிக் கை நகராது. மயக்க மருந்து அலமாரி தெறக்காது. கத்தி வச்சிருக்கற டிராயருக்குக்கூடப் பூட்டு. பத்து வருஷமா நான் டாக்டர் இல்ல மேடம். ஒப்புதல் பொத்தான அமுக்கறவன்." டம்ளரை வைத்தார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "பித்தப்பைக்கு எண் இருந்தா, கை எறங்கற எடம் இதேதான். எறங்குன பின்னாடி இயந்திரத்த நிறுத்திட்டு கையால செய்யறதுக்கு அவசரப் பொத்தான் ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் நான் அமுக்கினதில்ல."

எனக்குப் பித்தப்பைக்குச் சீட்டு வந்திருந்தது அவருக்குத் தெரியும். அடுத்த மாதம் பதினாலாம் தேதிக்குள் எடுத்தாக வேண்டும். தவறினால் கல், அதிலிருந்து சீழ், அதிலிருந்து உயிருக்கு ஆபத்து என்று சீட்டில் வரிசையாகப் போட்டிருந்தது.

என் எண்ணில் அவளைப் படுக்க வைக்கலாம் என்று கனியிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த தழைக்கட்டைக் கீழே போட்டாள்.

"உனக்குப் பைத்தியமா அக்கா? உன் பேருல எடுத்தாச்சுன்னு பதிவாயிரும். அப்பறம் உனக்குக் கல்லு வந்தா ஆரு எடுப்பா? இல்லாத பித்தப்பையில எப்படிம்மா கல்லு வரும்னு அந்தக் கேடயக்காரனே கேப்பான். நீ நொந்து சாவோணும், நான் ஆடு மேச்சுட்டு இருக்கோணுமா?"

"கல்லு மெதுவாத்தான்டி வரும். உன்னது இன்னைக்கே ஒடஞ்சாலும் ஒடையும்."

"அந்த டாக்டரம்மா தப்பாப் பாத்திருந்தா?"

"அப்ப உனக்கு நல்லதுதானே?"

கீழே கிடந்த தழைக்கட்டை எடுத்து ஆடுகளுக்கு முன்னால் போட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு நோவு வந்தா எங்கிட்ட மறைக்கக் கூடாது. அப்பா மேல சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

வில்லை மாற்றுவது என் தொழில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கவுண்டருக்குப் பின்னால் வைத்து என்னுடையதை அவளுக்கும் அவளுடையதை எனக்கும் ஒட்டினேன். இரண்டு நிமிடத்தில் நான் அறுபத்தொன்று வரை நோயில்லாதவள் ஆனேன். மருத்துவமனை வாசலில் கேமரா இருந்தது. அது கனியின் முகத்தைப் பார்த்தது. வில்லையில் இருந்த என் பெயரைப் பார்த்தது. 'பிரகதி, தங்கள் முகப்பதிவு புதுப்பிக்கப்பட்டது' என்று சொல்லிக் கதவைத் திறந்தது. இத்தனை கோடி செலவழித்துச் செய்த அறிவு அது.

மூன்றரை மணி நேரம் ஆனது. நான் அங்கே இருக்க முடியாது, நான்தான் உள்ளே படுத்திருக்கிறேனே. பட்டியில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தேன். முதலில் அழைத்தவர் வித்யாசாகர்.

"மேடம், வாழ்த்துகள்! உங்க கேஸ் வெற்றின்னு இப்பத்தான் பதிவாச்சு. பேச வேண்டாம், ஓய்வெடுங்க. பின்னாடி என்ன, ஆடு கத்துது?"

"டிவி சார்" என்றேன்.

இம்தியாஸ் மாலையில் அழைத்தார். கட்டி உடையாமல் வந்துவிட்டது. சாத்துக்குடி அளவு. அவர் குரல் இளகியிருந்தது. பத்து வருடம் கழித்துக் கத்தியைத் தொட்டவரின் குரல்.

"ஒரே ஒரு விஷயம் மேடம். பித்தப்பைய எடுத்துத் தராசுத் தட்டுல வச்சாத்தான் கருவி தையல் போட விடும். வேற வழியில்ல. உங்க தங்கச்சியோட நல்ல பித்தப்பைய எடுக்க வேண்டியதாப் போச்சு. துளி கல்லு இல்ல. இயந்திரம் என்ன எழுதுச்சு தெரியுமா? 'கல் இல்லை. உருவாகும் முன் தடுக்கப்பட்டது. கணிப்பு வெற்றி.'"

பதினைந்து நாளில் கனி எழுந்து நடமாடினாள். வில்லைகளை மறுபடி மாற்றிக்கொண்டோம். அவசரப் பொத்தானை அமுக்கியதற்கு இம்தியாஸிடம் விளக்கம் கேட்டார்கள். சந்தேகம் வந்து அமுக்கினேன் என்று எழுதினார். மருத்துவருக்குச் சந்தேகம் வருவது விதிகளில் இல்லை. அவரை அறுவை அரங்கிலிருந்து எடுத்துப் பயிற்சி நிலையத்துக்கு மாற்றினார்கள். புதிதாக வரும் மருத்துவர்களுக்கு எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்று பாடம் எடுக்கிறார்.

நான் என் நோய்க்காகக் காத்திருந்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பதினாலாம் தேதி வந்தது, போனது. எண்ணெயை நிறுத்தினேன். முட்டையை நிறுத்தினேன். நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டையை நிறுத்துவது லேசான காரியமில்லை. ஏப்பம் வந்தால் கை விலாவுக்குப் போகும். கனி தினமும் அழைத்து "நோவுதா?" என்று கேட்பாள். இல்லை என்றால் நம்பமாட்டாள். சத்தியத்தை ஞாபகப்படுத்துவாள். இளைத்துப் போனேன். அது பயத்தால் வந்த இளைப்பு. வில்லை அதையும் படித்துவிட்டு, அறுவைக்குப் பிறகு உடல் எடை சீராகி வருவதாக வாழ்த்து அனுப்பியது.

பத்து மாதம் ஆனது. கனி பொறுக்க முடியாமல் என்னை இழுத்துக்கொண்டு எஸ்தரிடம் போனாள். அதே சாக்கில் படுத்தேன். எஸ்தர் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"கல்லும் இல்ல, கழுதையும் இல்ல. கழுவி வச்ச மாதிரி இருக்கு."

கனி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சேலையைச் சரிசெய்து எழுந்த பிறகுதான் அந்த எண் ஞாபகம் வந்தது.

"தொண்ணூத்தொன்பது புள்ளி ஏழுன்னா தப்பு ஒண்ணு ரெண்டு வரத்தானே செய்யும்?" என்றேன்.

"அந்தத் தொண்ணூத்தொன்பது புள்ளி ஏழ எப்படிக் கண்டுபுடிக்கறாங்க?" என்று கேட்டார் எஸ்தர்.

"உறுப்ப எடுத்த பின்னாடி அந்த நோய் வரலன்னா, கணிப்பு பலிச்சுதுன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன்.

"எடுத்துப் போட்ட உறுப்புல நோய் எப்படிங்க வரும்?"

பன்னிரண்டு வருடம் அந்த எண்ணை நான் மனிதர்களிடம் சொல்லியிருக்கிறேன். பயந்து வந்தவர்களின் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். நான் அறிவில்லாதவள் இல்லை, கல்லூரியில் கணிதம் படித்தவள். ஒரு தடவைகூட இது தோன்றவில்லை. தோன்றாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் போலிருக்கிறது.

எங்கள் கவுண்டரில் ஒத்திவைப்பு என்று ஒரு வசதி உண்டு. கல்யாணம், சாவு, கோயில் நோன்பு என்று காரணம் சொன்னால் தேதியைத் தள்ளிப்போடலாம். சிலர் பயத்தில் தள்ளிக்கொண்டே போவார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளியவர்கள் முப்பத்தெட்டுப் பேர். பட்டியலை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கனியின் மொபெட்டில் இருவருமாக வீடு வீடாகப் போனோம்.

இருபத்தொன்பது பேருக்கு ஒன்றுமில்லை. நுரையீரலில் பாதியை எடுக்கச் சொல்லப்பட்ட ஒருவர் தென்னை மரத்தின் உச்சியில் இருந்தபடியே எங்களோடு பேசினார். ஆனால் மீதி ஒன்பது பேருக்குச் சீட்டில் சொன்ன நோய் சொன்னபடியே வந்திருந்தது. அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். எருமப்பட்டிப் பக்கம் ஒரு பெண், மகளின் சீருக்காகத் தேதியைத் தள்ளிப்போட்டவள். அந்த மகள் எங்கள் முன்னால் தலையில் அடித்துக்கொண்டாள். "காப்பு சொன்னத நாங்க கேக்கலீங்களே. எங்கம்மாவ நாங்களே கொன்னுட்டமுங்க."

திரும்பும்போது கனி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "அந்தக் கருவி பொய்யின்னு நெனச்சு வந்தோம். பொய்யின்னும் சொல்ல முடியல. மெய்யின்னும் சொல்ல முடியல. இப்ப என்னக்கா பண்றது?"

பயிற்சி நிலையத்துக்குப் போய் இம்தியாஸிடம் கேட்டேன். "பத்திரிகைக்காரங்ககிட்டச் சொல்லிரலாமா சார்?"

"சொல்லுங்க. ஒரே வாரத்துல காப்பே மோசடின்னு ஊர்வலம் போவாங்க. முன்னாடி யாரு போவாங்கன்னு நெனைக்கறீங்க? கல்யாண மண்டபத்துக்காரன். ஆறு மாசத்துல மேடைய ஒடச்சுட்டு மறுபடி கட்டில் போட்டுருவான். வாசல்ல முன்பணக் கவுண்டரோட." தாடியைச் சொறிந்தார். "எல்லாருக்கும் வைத்தியம்னு சொன்னது தப்பில்ல மேடம். நோயாளியப் பாக்காமலே வைத்தியம்னு ஆக்கினாங்க பாருங்க, அதுதான் தப்பு. ஆனா இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொன்னா கேக்கறதுக்கு ஊருல யாருக்குப் பொறுமை இருக்கு?"

ஆகவே ஒழுங்கான வழியில் போனேன். முப்பத்தெட்டுப் பேரின் விவரத்தையும் எழுதி, உறுப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்து ஒரு ஸ்கேன் எடுக்கட்டும் என்று மட்டும் கேட்டு, தலைமையகத்துக்கு அனுப்பினேன். காப்பு இருக்கட்டும், கண்ணும் இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. வித்யாசாகர் அதை அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னால் படித்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

'ஊழியர் பிரகதியின் சீரிய பணிக்குப் பாராட்டுகள். ஒத்திவைப்பு வசதியால் பயனாளிகள் உயிரிழப்பது அவரது அறிக்கையால் கவனத்துக்கு வந்துள்ளது. வரும் முதல் தேதியிலிருந்து ஒத்திவைப்பு வசதி ரத்து செய்யப்படுகிறது.'

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

முதல் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. கவுண்டரில் கூட்டம். முட்டை லாரி ஓட்டும் ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், துவைத்த சட்டை, நெற்றியில் திருநீறு. சீட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"எடது கிட்னிய எடுக்கோணுமாமுங்க. வர்ற வெள்ளிக்கெழம வரச் சொல்லியிருக்குது. புதுக் காப்புக் கட்டிக்கிட்டு வரோணும்னு போட்டிருக்குதுங்க."

புது வில்லையை எடுத்துக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். லாரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. வெதுவெதுப்பாக இருந்தது. வில்லையை ஒட்டவில்லை.

"உங்களுக்கு எங்கியாச்சும் வலிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் திகைத்தார். இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தவறான பதில் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

"வலியா? இல்லீங்களே. நல்லாத்தானுங்க இருக்கறேன். ஏனுங்க, அதுக்கும் ஆபரேசனுக்கும் என்னுங்க சம்பந்தம்?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். பின்னால் நின்றவர்களும் பதிலுக்காகக் கழுத்தை நீட்டினார்கள். நான் வில்லையைக் கீழே வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கவுண்டர் கண்ணாடியை முழுக்க மேலே தூக்கினேன்.